பிழைபொறுக்கும் இரும்பு

கோல்ஃப் ஆடுகிற ஒருவர் தம் பையில் பதினான்கு கோல்களுக்கு மேல் வைத்துக்கொள்ளலாகாது என்பது 1938ஆம் ஆண்டில் அமெரிக்கச் சங்கமும், அதற்கு அடுத்த ஆண்டில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்துச் சபையும் வகுத்த விதி. அந்தப் பதினான்கில் டிரைவர் முதலான இரண்டு மூன்று கோல்கள், பந்து எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் அதனை விரட்டுவதற்கென்றே ஏற்பட்டவை. ஒன்று, குழிக்கு அருகில் வந்தபின் பந்தைப் புல்லோடு உருட்டுவதற்கு உரியது. இவற்றுக்கு இடையில் நிற்கும் இரும்புக் கோல்களின் உத்தியோகமோ முற்றிலும் வேறு. 150 கஜத்துக்கு அப்பால், முன்புறம் மணற்பள்ளமும் பின்புறம் சரிவும் காவல் நிற்க, கிரீன் என்னும் அந்தச் சிறிய பச்சைத் தரை இருக்கிறது. அதன்மேல் பந்தை இறக்கி, இறங்கிய இடத்துக்கு அருகிலேயே அதனை நிற்கவும் செய்ய வேண்டும். அவ்விடத்தில் 170 கஜம் போய் விழுந்த பந்து, 130 கஜத்தோடு நின்றுவிட்ட பந்தைவிட எவ்விதத்திலும் உயர்ந்ததன்று; இரண்டும் ஒரே மாதிரியாகத் தவறியவையே.

இதை நினைவில் வைத்துக்கொண்டு கடைக்குள் நுழைகிறவர்கள் குறைவு. அங்கே ஒரு வலைக்கு முன்னால் நிறுத்தி, 7ஆம் எண் இரும்பைக் கையில் கொடுத்து அடிக்கச் சொல்கிறார்கள். திரையில் எண் விழுகிறது. பழைய கோலைக்காட்டிலும் 15 கஜம் அதிகம் என்று கண்ட மாத்திரத்தில், நரை கண்டவர்களுக்கும் யௌவனம் திரும்பிவிட்டதுபோன்ற ஒரு மலர்ச்சி முகத்தில் தோன்றுகிறது. தூரமாகவும் போகும், பிசகாக அடித்தாலும் பொறுத்துக்கொள்ளும் என்று விற்பனையாளர் இரண்டு வரங்களை ஒரே மூச்சில் அருளுகிறார். இவ்விரண்டும் ஒரே மூலத்திலிருந்து பிறப்பவை போலவே பேசப்படுகின்றன. ஆனால் இயற்பியலின் கண்கொண்டு நோக்குங்கால், சில இடங்களில் ஒன்றற்கொன்று துணையாகவும், சில இடங்களில் வெளிப்படையான பகையாகவும் இருப்பதைக் காணலாம். எங்கே துணை, எங்கே பகை என்று பிரித்தறிவதற்கு, பந்தும் கோலும் சந்திக்கும் கணத்திலிருந்து தொடங்குவதே முறை.

அந்தக் கணம் மிகக் குறுகியது. 1968இல் அலஸ்டேர் காக்ரன் என்ற விஞ்ஞானியும் ஜான் ஸ்டாப்ஸ் என்ற எழுத்தாளரும் பிரிட்டனில் நடந்த விரிவான பரிசோதனைகளைத் தொகுத்து ஒரு நூல் வெளியிட்டார்கள்; பந்து கோலின் முகத்தோடு ஒட்டியிருப்பது ஏறத்தாழ அரை மில்லி விநாடியே என்பதை அந்நூல் வலியுறுத்திற்று. ஒரு விநாடியை இரண்டாயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு. உள்ளங்கையில் உண்டான அதிர்ச்சி நரம்பு வழியே மூளைக்கு ஏறுவதற்கு ஏறக்குறைய 20 மில்லி விநாடி பிடிக்கும் என்று கொண்டால், "அடித்துவிட்டேன்" என்ற உணர்வு பிறப்பதற்குள் பந்து ஒரு மீட்டருக்கு மேல் பறந்துவிட்டிருக்கும். ஆகவே, மோதல் நடக்கும்பொழுது கோலைப் பிடித்திருக்கும் மனிதர் வெறும் சாட்சியே ஆகிறார். தலை எவ்வளவு வேகமாக வந்தது, அதன் முகம் எப்பக்கம் நோக்கியிருந்தது, முகத்தின் எவ்விடத்தில் பந்து பட்டது, அவ்விடத்திலுள்ள உலோகம் எவ்வளவு வளைந்து மீண்டது என்பவையே பந்தின் தலைவிதியை எழுதுகின்றன. கோலைத் தேர்ந்தெடுப்பது என்றால், இவற்றுள் மூன்றாவதும் நான்காவதுமான விஷயங்களில் நமக்கு வேண்டிய குணமுடைய தலையைத் தேர்ந்தெடுப்பது என்றே பொருள்.

பறக்கத் தொடங்கிய பந்தின் கதையை முதன்முதலில் ஒழுங்காக விசாரித்தவர் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இயற்கைத் தத்துவப் பேராசிரியராக இருந்த பீட்டர் கத்ரி டெயிட். கெல்வினோடு சேர்ந்து பெரிய பௌதிக நூலொன்றை எழுதிய அந்த மேதை, 1890களில் தம் நேரத்தின் கணிசமான பகுதியைக் கோல்ஃப் பந்தின் பாதையை ஆராய்வதில் செலவிட்டார் என்பது பலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அவருடைய மகன் ஃபிரெடி டெயிட் அக்காலத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்களுள் ஒருவர்; 1896லும் 1898லும் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டத்தை வென்றவர்; 1900இல் தென்னாப்பிரிக்கப் போரில் மாண்டார், மறு ஆண்டு தந்தையும் மறைந்தார். எறியப்பட்ட கல்லுக்குரிய சூத்திரங்களைக்கொண்டு பந்தின் பறப்பை விளக்க முடியவில்லை என்பதைக் கண்ட டெயிட், சாய்ந்த முகத்தால் அடிபட்ட பந்து பின்னோக்கிச் சுழன்றுகொண்டே செல்கிறது என்றும், அந்தச் சுழற்சி பந்துக்கு மேலே செல்லும் காற்றை விரைவுபடுத்திக் கீழே செல்லும் காற்றைத் தாமதப்படுத்துவதனால் பந்து மேல்நோக்கித் தாங்கப்படுகிறது என்றும் நிறுவினார். பின்சுழற்சி என்பது அடியில் நேர்ந்த குறை என்று நம்பியிருந்த ஆட்டக்காரர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி.

இந்தப் பின்சுழற்சியின் அளவை இன்று ராடார் கருவிகள் துல்லியமாகச் சொல்லிவிடுகின்றன. அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்களின் சராசரியாக ட்ராக்மேன் நிறுவனம் வெளியிட்ட கணக்கின்படி, 7ஆம் எண் இரும்பின் தலை மணிக்கு 90 மைல் வேகத்தில் வந்து, பந்தை 120 மைல் வேகத்தில் அனுப்புகிறது; பந்து 16 பாகைக்குச் சற்று மேலான கோணத்தில் கிளம்பி, நிமிடத்துக்கு ஏறத்தாழ 7,100 முறை சுழன்று, 172 கஜம் பறந்து, 50 பாகைக் கோணத்தில் தரையில் இறங்குகிறது. கடைசி எண்ணைத்தான் நான் அடிக்கோடிடுவேன். ஐம்பது பாகையில் செங்குத்தாக இறங்கும் பந்து விழுந்த இடத்தை விட்டு வெகுதூரம் ஓடாது. முப்பத்தைந்து பாகையில் தாழ்ந்து வருவது கிரீனைத் தொட்டுவிட்டு மறுபுறத்துச் சரிவில் போய் மறையும். தூரம் காட்டும் திரை இறங்கு கோணத்தையும் காட்டுகிறது; அதைப் பார்ப்பவர்தாம் இல்லை.

இனித் தூரம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். லாஃப்ட் என்று ஆட்டக்காரர்கள் வழங்கும் முகச்சாய்வு, 1970களின் 7ஆம் எண் இரும்பில் சுமார் 38 பாகை. இன்று தூரத்துக்கென்று விற்கப்படும் வகைகளில் அதே எண்ணைத் தாங்கிய கோலின் சாய்வு 28 முதல் 30 பாகைக்குள் இருக்கிறது. தண்டும் சற்று நீண்டிருக்கிறது. பழைய வரிசையில் அடுத்தடுத்த கோல்களுக்கு இடையே சுமார் நான்கு பாகைதான் வித்தியாசம் என்பதைக் கருதினால், இன்றைய 7ஆம் எண் நம் பாட்டனார் காலத்து 5ஆம் எண்ணே என்பது விளங்கும். அடிப்புறத்தில் பொறித்த எண்ணை மாற்றியதால் கிடைத்த 15 கஜத்தை வியப்பவர், வயதை மறைத்துச் சொல்லி இளமை பெற்றவரைப் போன்றவரே.

எனினும் இதை முழு மோசடி என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. புதிய தலைகளில் நிறைமையம் முன்னைவிடத் தாழ்வாகவும் பின்தள்ளியும் வைக்கப்படுகிறது. அவ்வாறு வைத்தால், பழைய சாய்விலேயே அடித்த பந்து மிக உயரமாக எழுந்து காற்றில் தொங்கிவிடும். அந்த உயரத்தைச் சற்றுக் குறைத்துத் தூரமாக மாற்றிக்கொள்வதற்காகவே சாய்வைக் குறைக்கிறோம் என்று வடிவமைப்பாளர்கள் சொல்லும் சமாதானத்தில் உண்மை உண்டு. ஆனால் அந்தச் சமாதானம் வேகமாகச் சுழற்றுகிறவருக்குப் பொருந்தும் அளவு மெதுவாகச் சுழற்றுகிறவருக்குப் பொருந்துவதில்லை. வேகம் குறைந்தவர் அடிக்கும் பந்தில் சுழற்சியும் குறைவு. அவருக்குச் சாய்வையும் குறைத்துவிட்டால், பந்து எழும்பாமல் தாழப் பறந்து ஓடும். திரையில் மொத்தத் தூரம் கூடித் தோன்றும். மைதானத்திலோ கிரீன் அந்தப் பந்தைத் தாங்காது.

பிழைபொறுத்தலின் வரலாறு இதைவிடச் சுவையானது. நார்வே தேசத்தின் பெர்கன் நகரில் 1911இல் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே அமெரிக்கா வந்து சேர்ந்த கார்ஸ்டன் சோல்ஹைம் என்பவர் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் பொறியாளர். நாற்பது வயதைக் கடந்த பிறகு, உடன் வேலை செய்கிறவர்களின் அழைப்பினால் கோல்ஃப் ஆடத் தொடங்கினார். குழிக்கு அருகில் வந்து உருட்டும்பொழுது பந்து தம் சொற்படி கேளாததைக் கண்டு, தம்மைக் குறை கூறிக்கொள்ளாமல் கோலைக் குறை கூறினார். அக்காலத்து உருட்டுகோல்கள் பெரும்பாலும் ஒரே சீரான உலோகப் பட்டைகள். பந்து நடுவில் படாமல் சிறிது தள்ளிப் பட்டால் தலை கையில் திருகிக்கொள்ளும். சர்க்கரைக் கட்டிகள் இரண்டை ஐஸ் குச்சிகளின் இரு முனைகளிலும் ஒட்டிவைத்துத் தம் யோசனையை அவர் சோதித்துப் பார்த்ததாகச் சொல்லப்படுகிறது. 1959இல் கலிஃபோர்னியாவில் தம் வீட்டு மோட்டார் கொட்டகையில் அவர் செய்த கோலில் நடுப்பகுதி மெலிந்தும் இரு முனைகளும் கனத்தும் இருந்தன. பந்து பட்டதும் அது மணிபோல் ஒலித்ததனால் 'பிங்' என்றே அதற்குப் பெயரும் வாய்த்தது.

அந்த யோசனையின் சாரம் நிலைமத் திருப்புத்திறன் என்பது. காவடித் தண்டின் இரு முனைகளிலும் இரண்டு நீர்க்குடங்களைத் தொங்கவிட்டுத் தோளில் சுமப்பவர் சந்து முனையில் சட்டென்று திரும்ப முயன்றால் தண்டு அவ்வளவு எளிதில் திரும்பாது; அதே குடங்களை நடுவே தோளருகில் நெருக்கிக் கட்டிவிட்டாலோ பாரம் சிறிதும் குறையாமலே தண்டு விளையாட்டாய்த் திரும்பிவிடும். எடை மையத்திலிருந்து விலக விலக, திருகலுக்கு எதிரான பிடிவாதம் விலகலின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. உருட்டுகோலில் பலித்த இந்தத் தந்திரத்தைச் சோல்ஹைம் இரும்புகளுக்கும் கொண்டுசென்றார். பிளேடு என்று வழங்கும் பழைய இரும்பில் முகத்துக்குப் பின்னே உலோகம் நடுவில் திரண்டிருக்கும். அவர் அந்த முதுகைக் குடைந்து, அங்கிருந்து எடுத்த உலோகத்தைத் தலையின் விளிம்பைச் சுற்றிப் பரப்பினார். சம்மட்டியால் அடித்துச் செய்யும் முறைக்கு இத்தகைய சிக்கலான உருவம் எளிதில் வசப்படாது. ஆகவே மெழுகில் உருச்செய்து, அதன்மேல் சுட்டமண் போன்ற ஓடு கட்டி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அவ்விடத்தில் எஃகைக் காய்ச்சி ஊற்றும் பழமையான வார்ப்பு முறை கைக்கொள்ளப்பட்டது. 1982இல் வெளிவந்த பிங் ஐ 2 என்னும் வரிசை, கேவிட்டி பேக் எனப்படும் இந்தக் குடைந்த முதுகை உலகெங்கும் பரப்பிற்று. பார்வைக்கு அழகில்லாத கோல் என்று முதலில் நகைத்தவர்கள் பலர். அவர்களுடைய பைகளிலேயே சில ஆண்டுகளில் அது இடம் பிடித்தது.

குடைந்த முதுகு உண்மையில் எவ்வளவுதான் பொறுக்கிறது? விளம்பரங்களில் இதற்கு விடை கிடையாது, கணக்கில் கிடைக்கும். 270 கிராம் எடையுள்ள ஒரு தலையை எடுத்துக்கொள்வோம். பந்து நிறைமையத்துக்கு நேரே பட்டால் அந்த 270 கிராமும் பந்தைத் தள்ளும். இரண்டு சென்டிமீட்டர் விலகிப் பட்டால் தலையின் ஒரு பகுதி உழைப்பு திருகலில் வீணாகி, பந்தைத் தள்ளும் எடை குறைந்துவிடும்: திருப்புத்திறன் 2,300 கிராம்-சதுர சென்டிமீட்டர் உள்ள பிளேடில் அது சுமார் 184 கிராமாகவும், 3,000 உள்ள குடைந்த தலையில் சுமார் 198 கிராமாகவும் ஆகும். பந்தின் எடை 46 கிராமுக்குச் சற்றே குறைவு என்பதைச் சேர்த்துப் பார்த்தால், பிளேடில் பந்தின் வேகம் நூற்றுக்கு ஆறரை அளவும், குடைந்த தலையில் நூற்றுக்கு ஐந்து அளவும் குறைகிறது. பந்தின் வேகத்தில் மணிக்கு ஒரு மைல் என்பது இரும்புக் கோலில் ஏறக்குறைய இரண்டு கஜம். ஆகவே, மணிக்கு 100 மைல் வேகத்தில் பந்தை அனுப்பும் சாதாரண ஆட்டக்காரருக்கு முன்னதில் நஷ்டம் 13 கஜம், பின்னதில் 10 கஜம். மூன்று கஜம் மிச்சம்!

இந்த மூன்று கஜத்துக்காகவா இத்தனை ஆரவாரம் என்று கேட்பது இயல்பு. விடை பாதி ஆம், பாதி இல்லை. அதே சூத்திரத்தில் விலகலை இரண்டு சென்டிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டராகக் குறைத்துப் பாருங்கள். பிளேடிலேயே நஷ்டம் நூற்றுக்கு ஆறரையிலிருந்து இரண்டுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. தலையின் பொறுமையைக் கூட்டுவதைவிட, பந்து படும் இடத்துக்கும் நிறைமையத்துக்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பது பன்மடங்கு பலன் தருகிறது. இங்கேதான் பழைய பிளேடுகளின் உண்மையான குற்றம் ஒளிந்திருக்கிறது. தண்டு செருகும் குழல் அவற்றில் நீண்டும் கனத்தும் இருப்பதனால், நிறைமையம் முகத்தின் நடுவில் இராமல் தண்டை ஒட்டிய, குதிகால் எனப்படும் பக்கமாகத் தள்ளியிருக்கும். ஆட்டக்காரர் கண்ணுக்குத் தெரியும் கோடுகளின் நடுவைப் பார்த்து வெகு நேர்த்தியாக அடித்தாலும், பௌதிகத்தின் கணக்கில் அவர் நுனிப்பக்கம் விலகி அடித்தவராகவே ஆவார். நிறைமையம் முகத்தின் நடுவுக்கு அருகில் இருக்குமாறு அமைந்த ஒரு தலை, திருப்புத்திறன் சற்றுக் குறைவாக இருந்தாலும் அதிகம் பொறுக்கும். இந்த அளவை விளம்பரத்தில் அச்சிடும் கம்பெனிகள் அரிது.

திசையைப் பற்றியும் ஒரு சொல். வலக்கை ஆட்டக்காரரின் டிரைவரில் நுனியில் பட்ட பந்து வலப்புறம் கிளம்பினாலும் வளைந்து திரும்ப வருவதுண்டு. அதன் நிறைமையம் முகத்துக்கு வெகு பின்னால் இருப்பதே காரணம். இரும்பின் தலை மெல்லியது. நிறைமையம் முகத்தை ஒட்டியே இருக்கிறது. எனவே நுனியில் பட்டு வலப்புறம் போன பந்து பெரும்பாலும் வலப்புறத்திலேயே தங்கிவிடும்.

பக்கவாட்டில் விலகுவதைப் பற்றியே இதுவரை பேசினோம். ஆனால் புல்லின்மேல் கிடக்கும் பந்தை அடிக்கும் சாமானியரின் பெரிய துன்பம் மேல்கீழ் விலகலே. பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்பது விதி. ஆகவே அதன் மையம் தரைக்கு மேல் 21 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்தில் இருக்கிறது. சாய்ந்த முகம் பந்தின் நடுவைத் தொடாமல் கீழ்ப்பாதியையே தொடும். மோதும் கணத்தில் முகம் 24 பாகை சாய்ந்திருந்தால், முதலில் தொடும் புள்ளி தரைக்கு மேல் சுமார் 13 மில்லிமீட்டரில் அமையும். பல பிளேடுகளின் நிறைமையமோ அடிப்புறத்திலிருந்து 20 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. தேர்ந்த ஆட்டக்காரர் கோலை மேலிருந்து கீழாக இறக்கி, பந்தைத் தொட்டபின் மண்ணைச் சீவிச் செல்வதனால், தலை சற்றுத் தாழ்ந்து இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பிக்கொள்கிறது. அந்த வித்தை கைவராதவர், புல்லை வருடியவாறே பந்தை மெல்லிதாகத் தட்டி, விரல்கள் எரிய, பந்து முழங்கால் உயரத்தில் பாய்ந்து போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவருக்கு வேண்டிய பொறுமை தலையின் அகலத்தில் இல்லை, நிறைமையத்தின் தாழ்வில் இருக்கிறது. எஃகைப்போல் இரண்டரை மடங்கு அடர்த்தியுள்ள டங்ஸ்டன் துண்டுகளைத் தலையின் அடிமூலையில் பதிப்பது இதற்காகவே, அது அலங்காரமன்று.

அடிப்புறத்தின் அகலமும் இங்கே சேரும். பந்துக்கு முன்பாகவே மண்ணில் இறங்கிவிடும் வழக்கமுடையவருக்கு, அகன்று வட்டமாய் அமைந்த அடி, மண்ணைத் தோண்டாமல் வழுக்கிச் சென்று பந்தைச் சேர்ந்துவிடுகிறது. மென்மையான புல்தரையில் இதற்கு ஈடான உதவி வேறில்லை. கோடையில் இறுகிக் கிடக்கும் தரையிலோ அதே அகலம் தலையைத் துள்ளவைத்து, பந்தின் வயிற்றில் மோதச் செய்யும். எந்த மைதானத்தில் ஆடுகிறோம் என்பதைக் கேளாமல் அடியின் அகலத்தைப் பரிந்துரைக்கிறவரின் பேச்சை நான் நம்புவதில்லை. குழலுக்குச் சற்றுப் பின்தள்ளி முகத்தைப் பொருத்தும் ஆஃப்செட் என்னும் அமைப்பு, முகம் நேராகத் திரும்புவதற்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் தந்து, வலப்புறம் வளையும் பந்துகளைக் குறைக்கும். ஏற்கெனவே இடப்புறம் வளைக்கிறவருக்கு அது வேண்டாத உபகாரம்.

துணையாக இருந்தவை பகையாவது முகத்தின் மெலிவில். முகத்தை ஒன்றரை அல்லது இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குத் தகடாக்கி, உயர்ந்த வலிமையுள்ள எஃகில் செய்து, தலையின் உட்புறத்தை வெறுமையாக விட்டால், மோதும்பொழுது அது உள்வளைந்து மீண்டு பந்துக்கு மேலும் வேகம் ஊட்டுகிறது. இத்தகைய மீள்திறனுக்கு விதிகள் ஓர் எல்லை வகுத்திருக்கின்றன; டிரைவரில் மோதலுக்குப் பின்னும் முன்னும் உள்ள சார்புவேகங்களின் விகிதம் 0.83க்கு மேற்படலாகாது என்று வைத்த எல்லைக்கு ஒப்பானது இரும்புக்கும் உண்டு. மெல்லிய முகம் ஆதரவின்றி நடுங்கி விகாரமாக ஒலிப்பதைத் தடுக்கும்பொருட்டு, உள்ளே ரப்பர் போன்ற பொருள்களை அடைக்கும் முறையைப் பிஎக்ஸ்ஜி கம்பெனி 2015இலும், டெய்லர்மேட் கம்பெனி தன் பி790 வரிசையில் 2017இலும் கையாண்டன. இவ்வகைத் தலைகள் பார்வைக்கு ஏறக்குறைய பிளேடைப்போல் ஒடுங்கியிருந்தும், தூரத்தில் அகன்ற தலைகளோடு போட்டியிடுகின்றன என்பது மெய்.

விலை எங்கே கொடுக்கிறோம் என்றால், ஒருமைப்பாட்டில். தகட்டின் நடுப்பகுதி அதிகம் வளைகிறது. சட்டத்தை ஒட்டிய விளிம்பு வளைவதில்லை. ஆகவே நடுவில் பட்ட பந்துக்கும் ஓரத்தில் பட்ட பந்துக்கும் உள்ள வேகபேதம், திருகலால் வருவதோடு மீள்திறனால் வருவதும் கூடி, இரட்டிப்பாகிவிடக்கூடும். முகத்தின் கனத்தை இடத்துக்கிடம் மாற்றி இதைச் சமன்செய்ய முயல்கிறார்கள். ஓரளவு வெற்றியும் கண்டிருக்கிறார்கள். மீதியுள்ள பகையின் உருவம் வேறு: பந்துக்கும் முகத்துக்கும் இடையே ஈரப்புல் சிக்கினால் சுழற்சி திடீரென்று குறைந்து பந்து எதிர்பாராத தூரம் பறந்துவிடும், இயல்பாகவே சுழற்சி குறைந்த, சாய்வு குறைந்த தலைகளில் இந்த விபரீதம் இன்னும் கூர்மையாகத் தெரியும். 150 கஜம் என்று கணக்கிட்டு அடித்தது 165 கஜத்தில் போய் விழும்பொழுது, அதைத் தூரம் என்று சொல்லி மகிழ இடமில்லை.

சம்மட்டியால் அடித்துச் செய்த இரும்பு மென்மையானது, வார்ப்பில் வந்தது கடினமானது என்ற சித்தாந்தத்தையும் இங்கே தொட்டுச் செல்ல வேண்டும். ஏனெனில் விலையில் பெருந்தொகை இதன்மேல் ஏறுகிறது. ஜப்பானின் ஹியோகோ மாகாணத்து இச்சிகாவா போன்ற ஊர்களில் பரம்பரையாக இரும்பு அடிக்கும் கைத்திறன் போற்றத்தக்கது. அத்தலைகளின் சாய்வையும், தண்டு தரையோடு அமைக்கும் படுகோணத்தையும் பட்டறையில் வளைத்துத் திருத்திக்கொள்வது எளிது என்பது உண்மையான பயன். ஆனால் கையில் உணரும் மென்மை பெரும்பாலும் தலையின் உருவம், முகத்தின் பின்னேயுள்ள கனம், காதில் விழும் ஒலி ஆகியவற்றால் உண்டாவது. அரை மில்லி விநாடியில் பந்து போய்விட்டது; அதற்குப்பின் வரும் இன்பம் பந்தின் பாதையை ஒரு நூலளவும் மாற்றாது. இன்பத்துக்காகக் காசு கொடுப்பவரைக் குறை சொல்ல மாட்டேன். பிழைபொறுத்தலுக்காகக் கொடுப்பதாக எண்ணுகிறவருக்கு மட்டும் இது தெரிந்திருக்கட்டும்.

ஆகவே தேர்வு எப்படி? கடைக்குப் போகுமுன், கால்களுக்கு அடிக்கும் பவுடர் ஸ்பிரே ஒன்றை வாங்கி, பழைய 7ஆம் எண் இரும்பின் முகத்தில் மெல்லிய வெண்படலமாகத் தூவிக்கொண்டு, பயிற்சி மைதானத்தில் நிதானமாகச் சில பந்துகளை அடித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பந்தும் தான் பட்ட இடத்தில் ஒரு நாணயத்தளவு வட்டத்தை, தன் மேலுள்ள சிறுகுழிகளின் தடத்தோடு, துலக்கமாகப் பதித்துவிட்டுச் செல்லும். பொய் சொல்லாத சாசனம் அது. வட்டங்கள் ஒரே இடத்தில் நெருங்கி, ஆனால் நுனிப்பக்கமாகத் தள்ளி விழுந்திருந்தால், அவருக்கு வேண்டியது அகன்ற தலையன்று. தண்டின் நீளத்தையும் நிறைமையத்தின் இடத்தையும் ஆராய்வதே போதும். குதிகாலிலிருந்து நுனிவரை சிதறியிருந்தால் திருப்புத்திறன் மிகுந்த தலை அவருக்கு நண்பன். பக்கவாட்டில் சரியாக இருந்து, எல்லாம் முகத்தின் கீழ்க்கோடுகளில் விழுந்திருந்தால், தாழ்ந்த நிறைமையமும் அடியின் வடிவமுமே மருந்து.

படுகோணத்தை அறிவதற்கு இதைவிட எளிய வழி உண்டு. பந்தின்மேல் மார்க்கர் பேனாவால் ஒரு தடித்த கோடு போட்டு, அந்தக் கோடு செங்குத்தாக நின்று முகத்தை நோக்கும்படி பந்தை வைத்து அடித்தால், முகத்தில் அக்கோடு அச்சாகிவிடும். அச்சு நேராக நின்றால் நன்று. சாய்ந்து விழுந்தால் தலையின் குதிகாலோ நுனியோ தரையை விட்டுத் தூக்கியிருக்கிறது என்று அர்த்தம். அதனால் முகம் நோக்கும் திசையே மாறிப் பந்து பக்கவாட்டில் போகும். எவ்வளவு விலையுயர்ந்த தலையானாலும் இந்தப் பிசகைப் பொறுக்காது. சாய்வு குறைந்த நீண்ட கோல்களைவிட, சாய்வு மிகுந்த குறுங்கோல்களிலேயே இதன் விளைவு அதிகம்.

கடையில் திரைக்கு முன்னால் நிற்கும்பொழுது, மிக நன்றாகப் போன பந்தை மறந்துவிட வேண்டும். எல்லாப் பந்துகளையும் தூரத்தின்படி வரிசைப்படுத்தி, அவற்றுள் பின்தங்கிய மூன்றில் ஒரு பங்கு எங்கே விழுந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு கோல்களுள் அந்தப் பங்கு எதில் முன்னோக்கி நகர்ந்திருக்கிறதோ, எதில் முதலுக்கும் கடைசிக்கும் உள்ள இடைவெளி குறுகியிருக்கிறதோ, அதுவே உண்மையில் பொறுக்கும் கோல். அடுத்து இறங்கு கோணம்: 7ஆம் எண்ணில் அது 45 பாகைக்குக் கீழே போய்விட்டால், திரையில் தோன்றும் தூரத்தில் ஒரு பகுதி கிரீனைத் தாண்டி ஓடப்போகும் தூரம் என்று கொள்ளலாம். வேகம் குறைந்தவர் அந்த 45ஐ எட்டுவதற்குச் சாய்வு மிகுந்த தலையைத் தேடுவதே அறிவுடைமை. 3ஆம், 4ஆம் எண் இரும்புகளை அவர் மறந்துவிட்டு, அவற்றுக்குப் பதிலாக, டிரைவருக்கும் இரும்புக்கும் இடைப்பட்ட வடிவமுள்ள ஹைப்ரிட் கோல்களை வைத்துக்கொள்வது இன்று வெகு சாதாரணம்.

சாய்வு குறைந்த வரிசையை வாங்குகிறவர் இன்னொரு கணக்கையும் போட்டாக வேண்டும். அவ்வரிசையின் கடைசிக் கோலான பிட்ச்சிங் வெட்ஜ் 43 பாகையோடு முடிந்துவிடும்; மணற்பள்ளத்துக்குரிய கோல் 56 பாகை; இடையே 13 பாகை வெறும் பாலைவனம். நூறு கஜத்துக்கு உட்பட்ட, மிகவும் வேண்டியிருக்கும் தூரங்களில் கோல் இல்லாமல் போய், முழு வீச்சைக் குறைத்துக் குறைத்து அடிக்கும் சங்கடம் பிறக்கும். 48க்கும் 52க்கும் இரண்டு கோல்கள் மேலும் வாங்கினால்தான் அந்தப் பள்ளம் நிரம்பும். அடியில் எழுதிய எண்களைக் கழற்றி எறிந்துவிட்டு, பாகைகளை மட்டும் ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதிப் பார்த்தால் எங்கே இடைவெளி அகன்றிருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

என் அபிப்பிராயத்தில், ஒரே வரிசையை முழுவதுமாக வாங்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் கடைக்காரருக்கு உண்டே தவிர ஆட்டக்காரருக்கு இல்லை. நீண்ட இரும்புகளில் பிழை மிகுதி. ஆகவே 5, 6, 7 எண்களில் தாழ்ந்த நிறைமையமும் அகன்ற தலையும் உடையவற்றை வைத்துக்கொண்டு, 8க்குப் பின் தூரம் பொருட்டாகாத இடங்களில், சுழற்சி மாறாத, முகம் கெட்டியான, ஒடுங்கிய தலைகளை வைத்துக்கொள்ளலாம். தொழில்முறை ஆட்டக்காரர்களிலும் இவ்வாறு கலந்து வைத்துக்கொள்பவர்கள் பலர். இரண்டு வரிசைகளும் சந்திக்கும் இடத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும்: ஒரு வரிசையின் 7ஆம் எண் 29 பாகையாகவும், மற்றதன் 8ஆம் எண் 38 பாகையாகவும் இருந்தால் நடுவே இருபது கஜத்துக்கு மேல் ஓட்டை விழுந்துவிடும். பட்டறையில் அந்த இரண்டு தலைகளையும் ஓரிரு பாகை வளைத்துக் கொடுக்கும்படி கேட்க வேண்டும்; அடித்துச் செய்தவை வளையும், வார்ப்பில் வந்த கடின எஃகுத் தலைகளுள் சில ஒரு பாகைக்கு மேல் வளைந்துகொடாமல் முறிந்துவிடுவதும் உண்டு என்பதனால், பணம் கொடுப்பதற்கு முன்பே இதை விசாரித்துக்கொள்வது நல்லது.